புழுக்குதல்: சொல்லின் பொருளும் வேரும், நெல்லும் கிழங்கும் புழுக்கும் முறையும்

ஐப்பசி மழை இறங்குவதற்கு முந்தின சில நாட்களை, இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தென்மேற்குக் காற்றான சோழகம் ஓய்ந்திருக்கும், வடகிழக்கில் இருந்து வரும் வாடை இன்னும் தொடங்கியிராது. முகில் தாழ இறங்கி நிற்கும், பெய்யாது. நிழலில் இருந்தாலும் வியர்வை வழியும். திண்ணையில் ஓலை விசிறியோடு இருக்கும் எந்த ஆச்சியைக் கேட்டாலும் வருவது ஒரே சொல்தான்: "சரியான புழுக்கமாக் கிடக்கு."

அந்தச் சொல் எங்கள் அடுக்களைக்குள்ளும் இருக்கிறது. புழுங்கல் அரிசியில் இருக்கிறது, பனங்கிழங்கை அவித்துக் காயவிட்ட புழுக்கொடியலில் இருக்கிறது. வானிலைக்குச் சொல்வதையே சமையலுக்கும் ஏன் சொன்னார்கள் என்று நான் பல காலம் யோசித்ததில்லை. ஒருமுறை நெல்லைப் பாழாக்கிய பிறகுதான் யோசித்தேன். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம், பிறகு அந்தச் சொல் சொல்கிறபடியே நெல்லையும் பனங்கிழங்கையும் புழுக்குவோம். சொல் விளங்கினால் செய்முறையில் பாதி கைக்கு வந்துவிடும்.

சொல்லுக்குள் என்ன இருக்கிறது

புழுங்கு என்பது தன்வினை. புழுக்கு என்பது அதன் பிறவினை. அடங்கு, அடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு, திரும்பு, திருப்பு, பொருந்து, பொருத்து என்று தமிழில் நிறையச் சோடிகள் உண்டு. மெல்லின ஒற்று வல்லின ஒற்றாக மாறும்போது, தானாக நடப்பது பிறர் நடத்துவதாக மாறுகிறது. நாள் புழுங்குகிறது. நாங்கள் நெல்லைப் புழுக்குகிறோம். புழுக்கியதால் அது புழுங்கி, புழுங்கல் ஆகிறது.

இனி இந்த வேரில் இருந்து வந்த சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புழுக்கம் என்றால் காற்று அடைத்துப்போன வெக்கை. மனப்புழுக்கம் என்றால் வெளியே சொல்ல வழியில்லாமல் உள்ளே கிடந்து வருத்தும் துயரம். புழுங்கல் என்றால் தன் உமிக்குள்ளேயே வெந்த நெல், அதன் அரிசி. மூன்றிலும் சூடு உண்டு, ஈரம் உண்டு, மூன்றாவதாக ஒன்றும் உண்டு: வெளியேற வழி இல்லை. அந்த மூன்றாவதுதான் இந்தச் சொல்லின் உயிர். வெறுமனே சுடுகிற வெயிலை யாரும் புழுக்கம் என்று சொல்வதில்லை. பங்குனி வெயிலில் வரம்பில் நடந்து வந்தவர் "வெயில் கொளுத்துது" என்பார். புழுக்கம் என்பதற்கு மூடி வேண்டும். முகில்தான் அன்றைக்கு மூடி.

சொல் பழையது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில், அரசன் பொருநனுக்குக் கொடுக்கும் விருந்தில் "துருவையம் புழுக்கின் பராஅரை வேவை" வருகிறது. துருவை என்பது செம்மறி. அதன் பருத்த தொடைக்கறியைப் புழுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த அடியிலேயே "காழிற் சுட்ட" இறைச்சி வருகிறது, அதாவது கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டியது. புழுக்கியதும் சுட்டதும் வேறு வேறு பண்டங்கள் என்று அந்தப் பந்தியில் தெளிவாகவே பிரிந்து நிற்கின்றன. மலையாளத்தில் இன்றும் புழுக்கு என்பது ஒரு கறியின் பெயர். மரவள்ளியில் செய்தால் கப்பப்புழுக்கு. திருவாதிரைக்குக் கிழங்குகளும் பயறும் சேர்த்துச் செய்வது திருவாதிரைப் புழுக்கு.

எங்கள் பக்கத்தில் பெயர்ச்சொல் நின்றுவிட்டது, வினைச்சொல் பேச்சில் இருந்து நழுவிவிட்டது. வயலுக்குப் போய்க் கேட்டால் "நெல்லு அவிக்கிறம்" என்பார்கள். "நெல்லுப் புழுக்கிறம்" என்று சொல்லும் ஆட்கள் குறைவு. ஆனால் அந்த நெல்லைக் குத்தி எடுத்தால் அதற்கு அவியல் அரிசி என்று யாரும் பெயர் வைப்பதில்லை, புழுங்கல் அரிசிதான். பனங்கிழங்கில் வினை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது: புழுக்கு, ஒடியல், சேர்ந்து புழுக்கொடியல்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். புழுத்த அரிசி வேறு, புழுங்கல் அரிசி வேறு. முதலாவது புழு வைத்தது. எழுத்து ஒத்திருப்பதால் சின்னப் பிள்ளைகள் புழுங்கலைக் கண்டு முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

பக்கத்துச் சொற்களில் இருந்து பிரித்தறிதல்

காய்ச்சுதல் நீர்மத்துக்கு உரியது: பால், கஞ்சி, கூழ். ஆவி போனால் போகட்டும், வற்றினாலும் நல்லது. அவித்தல் அகன்ற சொல். பிட்டும் அவிக்கிறோம், இடியப்பமும் அவிக்கிறோம், முட்டையும் அவிக்கிறோம். நீராவியோ கொதிநீரோ, ஏதோ ஒன்றால் வெந்தால் போதும். வாட்டுதல் நேரடி நெருப்பு. புழுக்குதல் இவற்றில் எதுவும் இல்லை என்று சொல்லமாட்டேன், அவித்தலின் பிள்ளைதான் அது. ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் நடந்துகொண்டிருப்பது அது. சூட்டை உள்ளே விட்டு மூடி, பண்டம் தன் ஈரத்தாலேயே பதப்படும்வரை பொறுத்திருப்பது.

பிரியாணிக்குத் தம் போடுவது இதற்கு மிக நெருங்கின உறவு. தம் என்பது பாரசீகச் சொல், மூச்சு என்று பொருள். மூடி விளிம்பில் மாவை ஒட்டி அடைத்து, தணலில் வைத்து, உள்ளே இருக்கும் மூச்சிலேயே வேகவிடுவார்கள். பாரசீகத்தார் அந்தச் சட்டிக்குள் மூச்சைக் கண்டார்கள். எங்கள் முன்னோருக்கு மழைக்கு முந்தின நாள் கண்ணுக்குத் தெரிந்தது.

நெல் புழுக்குதல்

10 கிலோ நெல்லுக்குக் கணக்குச் சொல்கிறேன். நெல் அளக்கும் புசல் கணக்கில் அரைப் புசலுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு இதுதான் கைக்கு அடங்கும் அளவு. 40 லீற்றர் கொள்ளும் கிடாரம் (பெரிய அண்டா) ஒன்று வேண்டும், இரண்டு மூன்று சணல் சாக்கு, பரப்பிக் காயவிட ஒரு படங்கு (விரிப்பு), விறகு.

எந்த நெல் என்பது உங்கள் விருப்பம். பூநகரிப் பக்கத்து மொட்டைக்கருப்பன் கிடைத்தால் விடாதீர்கள். சிவப்பு அரிசி, மழையை நம்பி விளைவது, புழுக்கிச் சோறாக்கினால் அதன் மணத்துக்கு வேறு அரிசி கிட்ட வராது. ஆனால் வெவ்வேறு இன நெல்லைக் கலக்க வேண்டாம். ஒன்று வெந்திருக்கும்போது மற்றது பச்சையாகக் கிடக்கும்.

முதல் வேலை, விதைநெல்லை ஒதுக்கி வைப்பது. புழுக்கிய நெல் முளைக்காது. சொல்லத் தேவையில்லாத ஒன்றாகத் தெரியும், ஆனால் பெரும்போகமான காலபோக அறுவடை அவசரத்தில் மூட்டை மாறிப்போன வீடுகளை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, பதர் போக்குவது. சுளகால் புடைத்துவிட்டு நெல்லைத் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளி எறியுங்கள். கைவிட்டுக் கிளறி இன்னொருமுறை அள்ளுங்கள். பதர் உள்ளே நின்றால் அது முதலில் கறுத்து, மற்ற நெல்லுக்கும் நிறத்தைக் கொடுக்கும்.

மூன்றாவது ஊறவைப்பது. இரண்டு வழி உண்டு. பச்சைத் தண்ணீரில் என்றால் 24 முதல் 36 மணி நேரம் வேண்டும், இடையில் இரண்டு முறையாவது தண்ணீரை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் புளித்து ஒரு நாற்றம் வரும், அது அரிசியை விட்டுப் போகவே போகாது. புழுங்கல் அரிசி நாறும் என்று சொல்கிறவர்கள் தண்ணீர் மாற்றாத வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. மாலையில் 14 லீற்றர் அளவு தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்குங்கள். ஐந்தாறு நிமிடம் ஆறட்டும். பிறகு கழுவி வடித்த நெல்லை அதில் கொட்டிக் கிளறுங்கள். நெல்லுக்கு மேல் மூன்று விரல் தண்ணீர் நிற்கவேண்டும். தட்டால் மூடி, மேலே சாக்கை மடித்துப் போட்டு, விடியும்வரை தொடாதீர்கள். காலையில் ஒரு நெல்லை நகத்தால் உரித்து அமுக்கிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்புப் புள்ளி போல வெள்ளை தெரியாமல், நகம் பதியவேண்டும். அப்போது நெல்லின் எடையில் ஏறக்குறைய 30 வீதம் தண்ணீர்.

நான்காவது, அவித்தல். ஊறிய நெல்லை வடித்துவிடுங்கள். கிடாரத்தின் அடியில் நான்கைந்து லீற்றர் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே எழும்பி நிற்கிற மாதிரிக் குறுக்குத் தடிகளை அடுக்கி, தடிமேல் வைக்கோலைப் பரப்புங்கள். நெல் தண்ணீரில் முட்டக்கூடாது. வைக்கோல்மேல் நெல்லைக் கொட்டி, நனைத்துப் பிழிந்த சாக்கால் வாயை மூடி, விளிம்பைச் சுற்றிச் செருகுங்கள். தீயை முதலில் நன்றாக எரிய விடலாம். சாக்கின் நடுவால் ஆவி கிளம்பியதும் விறகை இழுத்துக் குறையுங்கள். அதிலிருந்து 20, 25 நிமிடம்.

நான் நெல்லைப் பாழாக்கியது இந்த இடத்தில்தான். எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மம்மா கிடாரத்தை என்னிடம் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனா. ஆவி வந்த சத்தம் கேட்டதும் எனக்கு அவசரம். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன், மூடினேன், திரும்பவும் தூக்கினேன். அவ திரும்பி வந்து சாக்கின் மேல் கையை வைத்ததுமே தெரிந்துவிட்டது. "எடி பிள்ளை, திறந்து திறந்து பாத்தனியோ?" என்று கேட்டா. நான் பேசவில்லை. "அது புழுங்கவேணும். நீ காத்து விட்டா எப்பிடிப் புழுங்கும்?" அந்த ஈட்டு நெல்லைக் குத்தியபோது பாதிக்கு மேல் வயிறு வெளுத்து, உலக்கை படமுன்னமே உடைந்து குறுணலாகிவிட்டது. அவ ஏசவில்லை. அந்தக் குறுணலில் ஒரு கிழமை கஞ்சி காய்ச்சினா. புழுக்கத்துக்கும் புழுங்கலுக்கும் உள்ள உறவு எனக்கு அந்தக் கேள்வியில் இருந்துதான் விளங்கத் தொடங்கியது.

திறக்காமல் எப்படிப் பதம் அறிவது? காதாலும் மூக்காலும். காதைக் கிட்டக் கொண்டுபோனால், முதலில் தண்ணீர் கொதிக்கும் தளதளப்பு மட்டும் கேட்கும். பதம் வரும்போது அதற்கு மேலே மெல்லிய வெடிப்புச் சத்தம் இருக்கும், உமி வாய் பிளக்கும் சத்தம். மணமும் மாறும். ஈர வைக்கோல் வாசம் போய், சோறு வெந்த வாசம் தூக்கும். அப்போது சாக்கின் ஒரு மூலையை மட்டும் விலக்கி ஒரு பிடி எடுங்கள். பத்து நெல்லில் இரண்டு மூன்று வாய் பிளந்திருந்தால் போதும். எல்லாமே பிளந்து அரிசி வெளியே தள்ளிவிட்டால் பதம் கடந்துவிட்டது. அரிசி கறுத்து, வடிவம் கெட்டு வரும்.

ஐந்தாவது படியில் செய்வதற்கு எதுவும் இல்லை. அடுப்பை முழுவதும் இழுத்துவிட்டு, மூடியபடியே கால் மணி நேரம் விடுங்கள். இதுதான் புழுங்கும் நேரம். கிடாரத்தின் மேற்பக்கத்து நெல்லும் அடிப்பக்கத்து நெல்லும் ஒரே பதத்துக்கு வருவது இதில்தான்.

அந்த மூடிக்குள் என்ன நடக்கிறது

70 பாகை செல்சியஸை ஒட்டி அரிசியின் மாப்பொருள் ஈரத்தை வாங்கி இளகிப் பசையாகிறது. அரிசியில் இருந்த நுண்ணிய வெடிப்புகளை அந்தப் பசை ஒட்டிவிடுகிறது. காய்ந்து இறுகியதும் அரிசி கண்ணாடி போல, பச்சை அரிசியைவிட உறுதியாகிறது. அதனால்தான் புழுங்கல் குத்தும்போது குறுணல் குறைவு. அது மட்டும் இல்லை. தவிட்டில் இருக்கும் உயிர்ச்சத்து (வைட்டமின்) பி1 தண்ணீரில் கரைவது. ஊறும்போதும் புழுங்கும்போதும் அதில் ஒரு பங்கு உள்நோக்கி நகர்ந்து அரிசிக்குள் தங்கிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் அது முழுவதும் போய்விடாது.

இதன் பெறுமதி 1905இல் தொடங்கிய ஒரு சோதனையில் தெரிந்தது. கோலாலம்பூரில் இருந்த மனநோயாளர் காப்பகத்தில், இந்தச் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அங்கே ஒரு பாதிப் பேருக்குச் சீயத்தில் (இன்றைய தாய்லாந்தில்) இருந்து வந்த தீட்டிய வெள்ளையரிசியும், மறு பாதிக்கு இந்தியாவில் இருந்து வந்த புழுங்கல் அரிசியும் கொடுத்தார். மற்றதெல்லாம் ஒன்று. வெள்ளையரிசி உண்டவர்களில் பலருக்கு நோய் கண்டது, இறந்தவர்களும் உண்டு. புழுங்கல் உண்டவர்கள் தப்பினார்கள். உயிர்ச்சத்து என்ற பெயரே அப்போது உருவாகியிருக்கவில்லை. ஆனால் கிடாரத்தின் வாயைச் சாக்கால் மூடிய பெண்கள் அந்த வேலையை அதற்கு வெகு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். புழுங்கலை ஏழை வீட்டு அரிசி என்று ஒதுக்கிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் வருந்துகிறது.

உலர்த்தல்

அவசரப்பட்டு உச்சி வெயிலில் பரப்பாதீர்கள். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் அரிசி வெடிக்கும். புழுக்கத்தில் ஒட்டிய வெடிப்பெல்லாம் வீணாகப் போகும். முதலில் நிழலில் படங்கில் பரப்பி ஆவி போகவிடுங்கள். பிறகு இளவெயிலுக்கு இழுத்து, இரண்டு விரல் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் உழக்கித் திருப்புங்கள். பாதி காய்ந்ததும் குவித்து மூடி, இரவு முழுவதும் வையுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளிப்பக்கத்துக்கு வரும். மறுநாள் திரும்பவும் வெயில். பல்லிடையில் வைத்துக் கடித்தால் நசியாமல் 'டக்' என்று முறியவேண்டும். ஈரம் 14 வீதத்துக்கு இறங்கிய பதம் அது. இரண்டு மூன்று நாள் மூட்டையில் கிடந்த பிறகு மில்லுக்குக் கொண்டுபோங்கள். 10 கிலோ நெல்லுக்கு 6.5 முதல் 7 கிலோ அரிசி கிடைக்கும். தவிட்டை அதிகம் தீட்டவேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பனங்கிழங்கு புழுக்குதல்

நெல்லுக்குச் சொன்னது விளங்கியிருந்தால் இது இலகு. புரட்டாசி, ஐப்பசியில் பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கினால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அது கூழுக்கும் பிட்டுக்கும் மாவாகும், ஆனால் அந்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை வார்த்துக் கயர் (துவர்ப்பு) போக்கவேண்டும். புழுக்கிக் காயவிட்டால் புழுக்கொடியல். அதை அப்படியே கடித்துத் தின்னலாம்.

50 கிழங்கு எடுங்கள். மண் போகக் கழுவி, வேரையும் நுனியையும் வெட்டுங்கள். தோல் இருக்கட்டும். நெல்லுக்கு உமி எப்படியோ கிழங்குக்குத் தோல் அப்படி. பானையில் நெருக்கமாக அடுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு பிடி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் போடுங்கள். ஆனையிறவுக் கல்லுப்பு கிடைத்தால் நல்லது. மேலே வாழையிலையை இரண்டு மடிப்பாகப் பரப்பி மூடியால் அமத்துங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதித்த பிறகு விறகை இழுத்து, தணலில் இன்னும் அரை மணி. இந்த அரை மணியை விட்டவர்களின் கிழங்கு தும்பு தும்பாக இருக்கும். ஊமல் (கிழங்கு எடுத்தபின் எஞ்சும் பனங்கொட்டை ஓடு) கிடந்தால் அடுப்புக்கு அதையே போடுங்கள். தணல் நெடுநேரம் நிற்கும்.

ஆறியதும் தோலை உரித்து, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் பீலியை இழுத்து எறியுங்கள். அன்றைக்குத் தின்ன நாலு கிழங்கை எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பாயில் பரப்புங்கள். ஐந்து முதல் ஏழு நாள் வெயில். மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பார்கள், அதனால் பொழுது சாயமுன் உள்ளே எடுத்துவிடவேண்டும். ஒருநாள் பனியில் விட்டால் மறுநாளே பூஞ்சணம் படரும். காயக் காயக் கிழங்கு சுருங்கி, நிறம் மங்கின தேன்போல மாறி, ஒன்றோடொன்று தட்டினால் தடி தட்டின சத்தம் கேட்கும். மாவாக வேண்டுமென்றால் இடித்து அரித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துக் குழையுங்கள்.

மூடி இறுகின பிஸ்கற் பேணியில் போட்டு வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒருநாள் வெயில் காட்டினால் வண்டு வராது. இடப்பெயர்வுக் காலத்தில் எங்கள் வீட்டு மூட்டைக்குள் அரிசிக்குப் பக்கத்தில் இந்தப் பேணியும் இருந்தது. அடுப்பு மூட்ட இடமில்லாத நாட்களில் பிள்ளைகளின் கையில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள்.

பேணியை நான் ஐப்பசிவரை வைத்திருப்பேன். முதல் மழை விழுந்து புழுக்கம் முறிந்த அன்று பின்னேரம் திறப்பேன். பல் உறுதியாக இருந்தாலும் உடனே கடிக்காதீர்கள். ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கி வைத்து, தேங்காய்ச் சொட்டு ஒன்றையும் கையில் வைத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் விளிம்பு இளகும், பிறகு உப்பு தெரியும், அதற்குப் பிறகு இனிப்பு. இனிப்பு வந்த பிறகு தேங்காயைக் கடியுங்கள்.